ரப்ஹா வந்திருந்த நான்கு நாள்

ஐத் ஸிதான்
18 அக்டோபர் 1998

தங்கை யம்னாவுக்கு அக்கா இத்தோ எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும்.

'நாங்கள் அனைவரும் நலம்' என்றுதான் கடிதத்தைத் தொடங்க வேண்டும் என்று அப்பா நமக்குச் சொல்லிக்கொடுத்தார். பள்ளிவாசலில் ஊர்ப் பையன்களுக்கு ஓதிக்கொடுத்துவிட்டு வந்து, வீட்டில் பெண்பிள்ளைகள் இரண்டு பேருக்கும் எழுத்துக் கற்றுக்கொடுத்த மனிதர், நலமில்லாதபோது எப்படித் தொடங்குவது என்று மட்டும் சொல்லாமல் போய்விட்டார். அதனால் நேராகவே எழுதுகிறேன். உன் மச்சான் பாஸ்ஸு படுத்துவிட்டார்.

பிரான்ஸ் சுரங்கத்தில் பதினெட்டு வருஷம் மூச்சில் இழுத்த கரித்தூசி இப்போது வேலையைக் காட்டுகிறது. வர்ஸஸாத் ஆஸ்பத்திரி டாக்டர் நெஞ்சுப் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாராம். ஸைதுவைத் தனியாகக் கூப்பிட்டு, "வாற்கோதுமை அறுப்பு வரைக்கும் பாக்கலாம்" என்று சொல்லியிருக்கிறார். மகன் அதை என்னிடம் சொல்ல இரண்டு நாள் எடுத்துக்கொண்டான்.

மற்றபடி வேலைக்குக் குறைவில்லை. மேற்குக் கோபுரத்துக்கு மண் பூசி முடித்துவிட்டோம். கிழக்குப் பக்கத்து மூன்று அறைகளைப் பயணிகளுக்கு விட்டிருக்கிறோம். மராகேஷிலிருந்து ஹம்முவின் வேனில் வந்து இறங்குகிறார்கள். சுவரைத் தடவிப் பார்க்கிறார்கள். மாடியேறி ஆற்றையும் பேரீச்சை மரங்களையும் படம் பிடிக்கிறார்கள். மறுநாள் போய்விடுகிறார்கள். என் மாமனாரின் பாட்டனார் கொள்ளைக்காரர்களுக்குப் பயந்து கட்டிய கோட்டை இது. இப்போது யார் வந்து தட்டினாலும் கதவைத் திறந்து தேநீர் ஊற்றுகிறேன்.

பாஸ்ஸு என்னிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்கிறார். ரப்ஹாவைப் பார்க்க வேண்டுமாம். உன்னிடம் கொடுத்தபோது என் மகளுக்கு மூன்று வயது. இப்போது பதினாலு. பெருநாளுக்குப் பெருநாள் கூட்டி வருவேன் என்றாய். நாலு வருஷமாக வரவில்லை. உன் கடிதங்களில் நீ வேலை செய்யும், பயணிகள் தங்குகிற அந்த ரியாத் மாளிகையின் முற்றம் இருக்கிறது, ஆரஞ்சு மரங்கள் இருக்கின்றன, எந்த நாட்டு விருந்தாளி எதைச் சாப்பிட்டுப் புகழ்ந்தார் என்று இருக்கிறது. கடைசியில்தான் 'நவால் நன்றாகப் படிக்கிறாள்' என்று ஒரு வரி வருகிறது. நவால் யார் என்று ஒவ்வொரு தடவையும் ஒரு நொடி யோசிக்கிறேன்.

அவளை அனுப்பு. அனுப்பும் முன்னால் நாங்கள் யார் என்று சொல்லிவிடு. பெற்ற மகள் பெரியப்பா என்று கூப்பிட்டதைக் கேட்டுவிட்டு அவர் போக வேண்டாம்.

இத்தோ

*

மராகேஷ்
12 நவம்பர் 1998

அன்புள்ள அக்கா,

மச்சானைப் பற்றி எழுதியிருந்ததைப் படித்துவிட்டு அடுப்படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். என்னோடு வேலை செய்யும் துஹாமி வந்து என்ன ஆயிற்று என்று கேட்டபோதுதான் குழம்பு அடிபிடித்திருப்பது தெரிந்தது. ஹம்முவிடம் ஒரு கம்பளியும் தேனும் கொடுத்து அனுப்பியிருக்கிறேன். தேனை வெந்நீரில் கலந்து கொடு. கம்பளியை விருந்தாளி அறையில் போட்டுவிடாதே, அவருக்குத்தான்.

நவாலை உடனே அனுப்ப முடியாத நிலை. பள்ளியில் பரீட்சை. அது முடிந்தால் நோன்பு வந்துவிடும். டிசம்பர் கடைசியில் இந்த வீட்டில் ஒரு அறைகூடக் காலியாக இருக்காது. வீட்டுக்கார அம்மா பெல்ஜியத்திலிருந்து தன் சொந்தக்காரர்கள் பத்துப் பேரோடு வருகிறாள். நானும் துஹாமியும் ஆளுக்கு நாலு கை இருந்தாலும் போதாது.

இதெல்லாம் சாக்கு என்று நீ சொல்வாய். தெரியும். உன்னிடம் பொய் எழுத எனக்கு வராது.

நாலு வருஷத்துக்கு முன்னால் கடைசியாக வந்தபோது அவளுக்குப் பத்து வயது. நீ அவளை உன் சின்ன மகளோடு சுவரோரம் நிற்க வைத்து, யார் உயரம் என்று பார்த்தாய். பிறகு அவள் காலைக் கழுவிவிட்டாய். பத்து வயதுப் பிள்ளைக்கு யாராவது காலைக் கழுவிவிடுவார்களா அக்கா? திரும்பும்போது பஸ் திஷ்கா கணவாயில் ஏறிக்கொண்டிருந்தது. என் மடியில் சாய்ந்துகொண்டு கேட்டாள்: "அம்மா, பெரியம்மா ஏன் என்னையே பாத்துக்கிட்டு இருந்தாங்க?" அதற்குப் பிறகுதான் வரவில்லை.

சொல்லிவிடு என்கிறாய். எதைச் சொல்வது? குடும்பப் பதிவேட்டில் அவள் என் மகள். பள்ளியில் என் மகள். இந்தத் தெருவில் ரொட்டி சுடுகிறவனுக்கும் என் மகள். எனக்கு வயிற்றில் தங்காமல் போனவை மூன்று. நான்காவதாக வந்தவள் இவள், உன் கையால் வந்தாள். நீ கொடுத்த அன்றைக்கு வாசல் வரைக்கும்கூட வரவில்லை. உள்ளே மோர் கடைந்துகொண்டிருந்தாய். கோவேறு கழுதையில் அவளை என் முன்னால் உட்கார வைத்துப் போகும்போது அந்தச் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. கொடுத்தவள் முழு மனதாகத்தான் கொடுத்தாள் என்று அன்றைக்கு நினைத்துக்கொண்டேன். அந்த நினைப்பை வைத்துத்தான் பதினோரு வருஷம் வளர்த்தேன்.

உனக்கு இன்னும் நாலு பேர் இருக்கிறார்கள். கோபித்துக்கொள்ளாதே.

உன் தங்கை
யம்னா

*

ஐத் ஸிதான்
29 நவம்பர் 1998

யம்னா,

கம்பளி வந்தது. தேன் வந்தது. பிள்ளை வரவில்லை.

மோர் கடைந்ததைச் சொன்னாய். அதையும் கேட்டுக்கொள். அந்த வருஷம் கிணறு வற்றியிருந்தது. கைக்குழந்தைக்கு அம்மை. நீ வந்து என் மாமனார் காலடியில் உட்கார்ந்து, அஞ்சில் ஒன்றைக் கொடுங்கள் என்று கேட்டாய். அவர் தாடியைத் தடவிக்கொண்டு சரி என்றார். என்னை யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் சரி என்றுதான் சொல்லியிருப்பேன். நீ என் தங்கை, உன் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. "நீ வாசலுக்கு வராத, உன்ன பாத்தா பிள்ள போகாது" என்று மாமியார் சொன்னார். அதனால்தான் உள்ளே இருந்தேன். கடைகிற தோல்பையில் மோர் இல்லை யம்னா. வெறும் தண்ணீரை ஊற்றி ஆட்டிக்கொண்டிருந்தேன்.

ஆனால் நான் எழுத வந்தது என்னைப் பற்றி இல்லை.

பாஸ்ஸு அப்போது பிரான்ஸில் இருந்தார். அவருக்கு யாரும் எழுதவில்லை. நானும் எழுதவில்லை. ஆகஸ்டில் விடுமுறைக்கு வந்தார். பெட்டியைத் திறந்து பிள்ளைகளுக்கு வாங்கி வந்த செருப்புகளை வரிசையாக வைத்தார். அஞ்சு ஜோடி. நாலு பேர் வந்து எடுத்துக்கொண்டார்கள். அஞ்சாவது ஜோடியைக் கையில் வைத்துக்கொண்டு, "ரப்ஹா எங்க, தூங்குறாளா?" என்று கேட்டார்.

அந்த விடுமுறை முழுக்க என்னோடு பேசவில்லை. அடுத்த ஆகஸ்டிலும் பேசவில்லை. மராகேஷுக்குப் போய்க் கூட்டி வந்துவிடுகிறேன் என்று ஒரு நாள் கிளம்பினார். மாமனார் குறுக்கே நின்று, "குடுத்தத திருப்பிக் கேக்குற குடும்பமா நாம?" என்று கேட்டார். அப்பாவை மீறுகிற பிள்ளை இல்லை இவர். பெட்டியை இறக்கி வைத்துவிட்டார்.

நேற்று என்னிடம் சொன்னார்: "நீ குடுத்த. எங்கப்பா குடுத்தாரு. நான் குடுக்கல இத்தோ."

அவர் தலையணையை வாசலைப் பார்த்தபடி மாற்றிப் போட்டிருக்கிறேன். பெருநாளுக்கு வருவாள் என்று சொல்லியிருக்கிறேன். என்னைப் பொய்க்காரி ஆக்காதே.

இத்தோ

*

மராகேஷ்
24 ஜனவரி 1999

அன்புள்ள அக்கா,

பெருநாள் போய்விட்டது. நீ பொய்க்காரி ஆகிவிட்டாய், என்னால். செருப்புக் கதை எனக்குத் தெரியாது. இத்தனை வருஷமாக மச்சான் என்னிடம் முகம் கொடுத்துப் பேசாதது, என்னைப் பட்டணத்துக்காரி என்று நினைப்பதால்தான் என்று வைத்துக்கொண்டிருந்தேன்.

அனுப்புகிறேன். பிப்ரவரி 7, ஞாயிற்றுக்கிழமை, ஹம்மு எட்டு டச்சுக்காரர்களைக் கூட்டிக்கொண்டு உங்களிடம் வருகிறான். அதே வேனில் வருவாள். வியாழக்கிழமை அவனோடே திரும்பிவிடுவாள். நான் வரவில்லை. வந்தால் மச்சான் முகத்தைப் பார்க்க வேண்டும்.

ஒரு நிபந்தனை. எழுதவே கை கூசுகிறது, ஆனாலும் எழுதுகிறேன். அவளிடம் சொல்லாதே அக்கா. நீயும் சொல்லாதே, மச்சானையும் சொல்லவிடாதே. பதினாலு வயது. ஒரு வார்த்தைக்கு அறைக் கதவைச் சாத்திக்கொள்கிற வயது. பரீட்சை வருகிறது. படிப்பு முடியட்டும், நானே உட்கார வைத்துச் சொல்கிறேன். அதுவரைக்கும் அவள் நவால், உங்கள் தங்கை மகள். நம் அப்பா கபர் மேல் ஆணையாகச் சொல்ல மாட்டோம் என்று எனக்கு எழுது. எழுதினால்தான் வேன் ஏற்றுவேன்.

இப்படிக் கேட்பதற்கு நீ என்னைத் திட்டுவாய். திட்டிக்கொள். உன்னிடம் நாலு பேர், என்னிடம் ஒருத்தி என்று போன கடிதத்தில் எழுதினேன். அதை எழுதியதற்கு வெட்கப்படுகிறேன். ஆனால் அது பொய்யில்லை.

யம்னா

(பின்குறிப்பு: அவளுக்கு ஆட்டிறைச்சி ஒத்துக்கொள்ளாது. முட்டை சாப்பிடுவாள்.)

*

ஐத் ஸிதான்
30 ஜனவரி 1999

அப்பா கபர் மேல் ஆணையாக நானும் பாஸ்ஸுவும் சொல்ல மாட்டோம். அவருக்குப் படித்துக் காட்டினேன். சரி என்று தலையசைத்தார். அவளை வேனில் ஏற்று.

இத்தோ

*

ஐத் ஸிதான்
2 மார்ச் 1999

யம்னா,

பிப்ரவரி 22, திங்கட்கிழமை, மதியத் தொழுகைக்கு முன்னால் பாஸ்ஸு போய்விட்டார். அன்று மாலையே அடக்கம் செய்துவிட்டார்கள். தந்தி கொடுக்கட்டுமா என்று ஸைது கேட்டான். வேண்டாம் என்றேன். அவளுக்குப் பரீட்சை என்று எழுதியிருந்தாயே.

அவள் வந்து போன கதையை நீ அவளிடம் கேட்டிருப்பாய். என் பக்கத்திலிருந்து நான் எழுதுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை மாலை அஸர் தொழுகைக்குப் பிறகு வேன் வந்தது. வாதுமை மரங்களெல்லாம் பூத்திருந்தன. டச்சுக்காரர்கள் இறங்கியதும் அங்கேயே நின்று படம் பிடித்தார்கள். கடைசியாக அவள் இறங்கினாள். நீலக் குளிர்ச்சட்டை, தோளில் பை. நான் வாசலிலேயே நின்றேன். அவளே வந்து என் கையைப் பிடித்து முத்தமிட்டு, "நல்லா இருக்கீங்களா பெரியம்மா" என்றாள். பிறகு என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். நான் எதையாவது சொல்லித் தொலைத்துவிடுவேனோ என்று பயந்து, "பைய எங்க வைக்கட்டும்?" என்று கேட்டேன். வீட்டுக்காரி கேட்கிற கேள்வியா அது? எங்கே வைப்பது என்று அவள்தானே என்னைக் கேட்க வேண்டும்!

நாங்கள் படுக்கிற அறையில் ஆட்டு வாடை அடிக்கும். அதனால் கிழக்குக் கோபுரத்து விருந்தாளி அறையில் படுக்கை போட்டுக் கொடுத்தேன். புது விரிப்பு. செம்பில் ரோஜாத் தண்ணீர். நல்லதைக் கொடுக்கிறேன் என்று நினைத்தேன். அவள் அறை நடுவில் நின்று சுற்றிலும் பார்த்துவிட்டு, "நீங்கல்லாம் எங்க படுப்பீங்க?" என்றாள். கீழே என்றேன். சரி என்று தலையாட்டினாள்.

பாஸ்ஸுவைக் காலையிலிருந்து குளிப்பாட்டி வெள்ளை ஜுப்பா போட்டு உட்கார வைத்திருந்தேன். அவள் போய் அவர் கையை முத்தமிட்டாள். அவர் அந்தக் கையைத் திருப்பி உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டார், ஏதோ ஒட்டியிருக்கிற மாதிரி. "உம் பேரு என்னம்மா?" என்று கேட்டார். அவள் கொஞ்சம் தாமதித்து, "நவால்" என்றாள். "நல்ல பேரு" என்றார். ரப்ஹா என்று தன் அம்மா பெயரை அவளுக்கு வைத்த மனிதர்.

நாலு நாளும் அவர் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். டச்சுக்காரர்கள் ஆற்றங்கரைக்குக் கூப்பிட்டார்கள், போகவில்லை. அவர் இருமும்போது முதுகைப் பிடித்துக்கொண்டாள். அவர் நகத்தை வெட்டிவிட்டாள். "ஏன் இவ்ளோ கறுப்பா இருக்கு நகத்துக்கு உள்ள?" என்று கேட்டாள். சுரங்கத்துக்குள் எப்படி இறங்குவார்கள், லிஃப்ட் எப்படிக் கிறீச்சிடும், மேலே வந்ததும் முதலில் என்ன சாப்பிடுவார்கள் என்று மூச்சு வாங்க வாங்கச் சொன்னார். என்னிடம் அவர் சொல்லாததெல்லாம் சொன்னார். வாசல் பக்கம் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

புதன்கிழமை, நான் ரொட்டி கொண்டு போனபோது, அவள் அவரிடம் கேட்டாள்: "பெரியப்பா, உங்களுக்கு எத்தன பிள்ளைங்க?"

அவர் என்னைப் பார்த்தார். அவர் பார்வை என்னிடம் என்ன கேட்டது என்று எனக்குத் தெரியும். நான் கீழே பார்த்தேன். ஆணை எழுதிக் கொடுத்தவள் நான்தானே.

"நாலு" என்றார்.

அவள் "ம்" என்றாள். எழுந்து மாடிக்குப் போனாள். சாப்பாட்டுக்குக் கூப்பிட்டபோது பசிக்கவில்லை என்றாள். வழிப்பயணம் ஒத்துக்கொள்ளவில்லை போல என்று முட்டை அவித்து மேலே கொண்டுபோய்க் கொடுத்தேன். சாப்பிட்டாள்.

வியாழக்கிழமை காலை புறப்படும்போது டச்சுக்காரர்கள் விருந்தாளிப் புத்தகத்தில் எழுதினார்கள். அவளும் பேனாவை வாங்கி எழுதினாள். வேன் போன பிறகு எடுத்துப் பார்த்தேன். 'எல்லாரும் மிகவும் அன்பாகக் கவனித்துக்கொண்டார்கள். நன்றி. நவால், மராகேஷ்.' டச்சுக்காரர்களுக்குக் கீழே, அதே மாதிரி.

அன்று சாயங்காலம் பாஸ்ஸு என்னிடம், "நான் தப்பா ஒண்ணும் சொல்லிடலியே?" என்று கேட்டார். இல்லை என்றேன். "சொல்லியிருந்தா சந்தோசப்பட்டிருப்பாளோ?" என்றார். அவர் போர்வையை இழுத்துவிட்டேன். அதற்குப் பிறகு அவர் அதிகம் பேசவில்லை. பதினோரு நாள்.

உனக்குக் கொடுத்த வாக்கைக் காப்பாற்றினோம். நீயும் உன் வாக்கைக் காப்பாற்று. படிப்பு முடிந்ததும் சொல்.

இத்தோ

*

மராகேஷ்
14 மார்ச் 1999

அக்கா,

இந்தக் கடிதத்தை ஒரு வாரமாக எழுதிக் கிழிக்கிறேன். இதைப் படித்துவிட்டு நீ என்னை என்ன செய்தாலும் சரி.

அவளுக்குத் தெரியும். இங்கிருந்து கிளம்பும்போதே தெரியும்.

முந்தின நாள் சாயங்காலம் மொட்டை மாடியில் விரிப்புகளை மடித்துக்கொண்டிருந்தோம். ஒரு நுனியை அவளும் ஒரு நுனியை நானும் பிடித்துக்கொண்டு. பெரியப்பாவுக்கு ரொம்ப முடியவில்லையா, அதனால்தான் என்னை அனுப்புகிறாயா, நீ ஏன் வரவில்லை என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். உன் செருப்புக் கதைதான் ஞாபகம் வந்துகொண்டே இருந்தது. விரிப்பை மடித்து முடிக்கும்போது இரண்டு பேரும் எதிரும் புதிருமாக ரொம்பக் கிட்டே வந்துவிட்டோம். சொல்லிவிட்டேன். "நீ போறது பெரியம்மா வீடு இல்ல. அது உன்னப் பெத்தவங்க வீடு."

அவள் அழவில்லை. சத்தம் போடவில்லை. "நான் யாருன்னு அவங்களுக்குத் தெரியுமா?" என்று மட்டும் கேட்டாள். தெரியும் என்றேன். "அப்ப அவங்களே சொல்லட்டும். எனக்குத் தெரியும்னு நீ எதுவும் எழுதாத" என்றாள்.

எழுதாதே என்று அவள் சொன்னாள் என்று என் மேல் பழி இல்லாமல் தப்பித்துக்கொள்ளலாம். அது உண்மையில்லை. மறுநாள் காலையில் வேன் நிற்கும்போது ஒரு தாளில் எழுதினேன்: 'அவளிடம் சொல்லிவிட்டேன். உன் ஆணையிலிருந்து உன்னை விடுவிக்கிறேன்.' நாலாக மடித்தேன். ஹம்மு ஜன்னல் வழியாகக் கையை நீட்டினான், ஏதாவது கொடுக்க வேண்டுமா என்று. ரொட்டிப் பொட்டலத்தைக் கொடுத்தேன். தாள் என் இடுப்புத் துணியிலேயே இருந்தது.

மறந்துவிட்டேன் என்று முதலில் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மறக்கவில்லை அக்கா. நீ சொல்லாமல் இருந்தால் அவள் என்னிடமே திரும்பி வருவாள். அதுதான் எனக்கு வேண்டியிருந்தது. அதைத் தவிர வேறெதுவும் அந்த நிமிஷத்தில் எனக்கு வேண்டியிருக்கவில்லை.

திரும்பி வந்தாள். பையை வைத்துவிட்டு முற்றத்துத் தொட்டி விளிம்பில் உட்கார்ந்தாள். விருந்தாளிகள் யாரும் இல்லை. பக்கத்தில் போனேன். "சொன்னாங்களா?" என்று கேட்டேன்.

"நாலுன்னு சொன்னாரு" என்றாள்.

எனக்குப் புரியவில்லை. உன் கடிதம் வந்த பிறகுதான் புரிந்தது.

மச்சான் இறந்ததைச் சொன்னேன். என் கையிலிருந்து உன் கடிதத்தை வாங்கவில்லை. "அவங்க வீட்டு விசயம்" என்றாள். பள்ளிக்குப் போகிறாள், வருகிறாள், பாத்திரம் கழுவுகிறாள். என்னை அம்மா என்று கூப்பிடுவதை நிறுத்திவிட்டாள். ஏதாவது வேண்டுமென்றால் எதிரே வந்து நின்று பேசுகிறாள். துஹாமியிடம் மட்டும் இரண்டு வார்த்தை.

மன்னிப்புக் கேட்கிற தகுதி எனக்கு இல்லை. ஆனால் கேட்கிறேன்.

யம்னா

*

ஐத் ஸிதான்
25 மார்ச் 1999

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். ஸைதுவுக்குக் காட்டவில்லை. காட்டினால் அவன் மராகேஷுக்கு பஸ் ஏறிவிடுவான்.

அவளுக்கு எழுத உட்கார்ந்தேன். 'என் மகளே' என்று எழுதினேன். அதற்கு மேல் ஓடவில்லை. அந்தத் தாளை இதோடு வைத்திருக்கிறேன். கொடுப்பதும் இடுப்பில் சொருகிக்கொள்வதும் உன் இஷ்டம்.

எனக்கு இனிமேல் எழுதாதே.

*

மராகேஷ்
10 மே 1999

அக்கா, எழுதாதே என்றாய். எழுதாமல் இருக்க முடியவில்லை.

அவளைக் காணோம். காலையில் பள்ளிக்கு என்று போனாள். பள்ளிக்கு வரவில்லை என்று மத்தியானம் ஆள் வந்து சொன்னார்கள். துஹாமி பஸ் நிலையத்துக்கு ஓடினான். நீலச் சட்டை போட்ட பெண் ஒன்று ஏழு மணி வண்டியில் திஷ்கா பக்கம் போனதாக டிக்கெட் கொடுக்கிறவர் சொல்லியிருக்கிறார். ஹம்மு இன்றைக்கே அந்தப் பக்கம் வருகிறான், அவன் கையில் இதைக் கொடுக்கிறேன்.

நீ வைத்த தாளை வந்த அன்றைக்கே அவளிடம் கொடுத்துவிட்டேன். பிரிக்காமல் வாங்கிக்கொண்டு போனாள். இன்றைக்கு அவள் பெட்டியைத் தேடியபோது அந்தத் தாள் இல்லை. எடுத்துக்கொண்டுதான் போயிருக்கிறாள்.

அங்கே வந்தாளா? வந்தாள் என்று ஒரு வரி போதும். திருப்பி அனுப்பு என்று கேட்க மாட்டேன். உயிரோடு எங்கேயோ இருக்கிறாள் என்று மட்டும் எனக்குத் தெரியட்டும்.

யம்னா

*

ஐத் ஸிதான்
21 மே 1999

யம்னா,

வந்தாள் என்று ஒரு வரியை ஹம்முவிடம் அன்றைக்கே சொல்லி அனுப்பினேன். மீதியை இப்போதுதான் எழுத முடிகிறது.

நாற்சந்தியில் பஸ்ஸை விட்டு இறங்கி நடந்தே வந்திருக்கிறாள். பயணிகள் வருகிற பெரிய வாசலில் வரவில்லை. பின்பக்கம், ஆடுகள் போகிற வழியாக வந்து நின்றாள். சலாம் சொல்லவில்லை. "அவர எங்க வச்சிருக்கீங்க?" என்று கேட்டாள்.

மையவாடிக்குக் கூட்டிப் போனேன். இங்கே கபர்களில் பெயர் எழுத மாட்டார்கள், தலைமாட்டில் ஒரு கல்தான். எல்லாம் ஒரே மாதிரி இருக்கும். கையைக் காட்டினேன். அவள் உட்கார்ந்தாள். நான் தள்ளி நின்றுகொண்டேன். அங்கே அவள் என்ன சொன்னாள், ஏதாவது சொன்னாளா என்று எனக்குத் தெரியாது.

வீட்டுக்கு வந்ததும் உன் ஜனவரிக் கடிதத்தை எடுத்து அவள் கையில் கொடுத்தேன். உன்னைக் காட்டிக்கொடுக்கத்தான் கொடுத்தேன், மறைக்க மாட்டேன். நின்றபடியே படித்தாள். நான் எழுதிக் கொடுத்த ஆணையைப் பற்றியும் சொன்னேன். மடித்துத் திருப்பிக் கொடுத்துவிட்டு, "எல்லாரும் என் நல்லதுக்குன்னுதான் வாய மூடிக்கிட்டு இருந்திருக்கீங்க" என்றாள். நீ இடுப்பில் வைத்துக்கொண்ட தாளைப் பற்றி நான் சொல்லவில்லை. வாய் வரைக்கும் வந்தது. அவளுக்கு இந்த உலகத்தில் மிச்சமிருக்கிற ஒரு அம்மாவையும் நான் எதற்குப் பிடுங்க வேண்டும்? நீயே சொல்லிக்கொள், அல்லது சொல்லாமல் இரு. உன்னை மன்னித்துவிட்டேன் என்று எழுதப் பார்த்தேன். வரவில்லை. என்றாவது வரலாம்.

விருந்தாளி அறையை நான் திறக்கவில்லை. எங்கள் அறையிலேயே ஒரு பாயில் படுத்துக்கொண்டாள்.

முடிவு அவளுடையது. உன்னோடும் இருக்க மாட்டாளாம், என்னோடும் இருக்க மாட்டாளாம். வர்ஸஸாத்தில் பெண்பிள்ளைகள் தங்கிப் படிக்கிற விடுதி இருக்கிறது என்று யாரிடமோ விசாரித்து வைத்திருக்கிறாள். உனக்கும் எனக்கும் நடுவில் இருக்கிற ஊர். செப்டம்பரில் அங்கே சேர வேண்டும் என்கிறாள். ஸைது கூட்டிப்போய் விசாரித்துவிட்டு வந்தான், இடம் இருக்கிறது. பதிவேட்டில் நீதான் தாய், அதனால் நீ வந்து கையெழுத்துப் போட வேண்டும். போட்டுவிடு. ஞாயிற்றுக்கிழமை அவளை மராகேஷ் பஸ்ஸில் ஏற்றுகிறேன். இந்த வருஷப் பரீட்சையை அங்கேயே எழுதட்டும். வந்ததும் ஒன்றும் கேட்காதே, சாப்பாடு போடு.

ஒன்றை மட்டும் எழுதாமல் விட்டுவிடலாம் என்று நினைத்தேன். ஆனால் உன்னைத் தவிர யாரிடம் சொல்வேன்?

ரோஜாப் பறிப்பு நடக்கிறது. நேற்று விடிந்ததும் அவளும் கூட வந்தாள். முள் குத்தும் என்று பழைய காலுறையை வெட்டிக் கையில் மாட்டிவிட்டேன். மற்ற பெண்கள் முன்னால் போய்விட்டார்கள். நாங்கள் இரண்டு பேரும் ஒரே வரப்பில் பறித்துக்கொண்டிருந்தோம். நிமிர்ந்து பார்க்காமல் கேட்டாள்:

"அஞ்சு பேர் இருந்தோம்ல. ஏன் என்னக் குடுத்தே?"

இந்தக் கேள்விக்குப் பதினோரு வருஷமாகப் பல பதில் வைத்திருந்தேன். கிணறு, அம்மை, நீ வந்து கேட்டது, மாமனார் சொன்னது. அவற்றை விட்டுவிட்டு உள்ளதைச் சொன்னேன்.

"ஸைது ஆம்பளப் பையன், தாத்தா விடமாட்டாரு. பெரியவளுங்க ரெண்டு பேரும் என்னை விட்டு ஒரு அடி நகரமாட்டாளுங்க. சின்னது பால் குடிச்சுக்கிட்டு இருந்துச்சு. நீ யார் தூக்கினாலும் போவ. போற எடத்துல அழமாட்ட. அதனாலதான்."

கையில் இருந்த பூவைக் கூடையில் போட்டாள். அப்படியே வரப்பில் உட்கார்ந்தாள். அப்போதுதான் அழுதாள் யம்னா. வாயைத் திறந்து, சத்தம் போட்டு, மூச்சு அடைத்து, அடைத்து, மறுபடியும். முன்னால் போயிருந்த பெண்களெல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். என்னால் அவளைத் தூக்க முடியாது, என்னைவிட ஒரு சாண் வளர்ந்துவிட்டாள். பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன். வெயில் ஏறி, பூ வாடத் தொடங்கி, மற்றவர்கள் கூடைகளைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போன பிறகும் உட்கார்ந்திருந்தோம்.

இத்தோ